சுண்ணாம்பு தடவாத கலயம்

ராஜபாளையத்தில் எங்கள் கோயில் அப்போது ஓட்டுக் கட்டடம்தான். ஆனி மாதம். மலைப்பக்கத்துச் சன்னல் வழியாக அடித்த காற்று ஐயரின் வெள்ளை அங்கியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் ஒரு கையால் அங்கியையும் மறு கையால் ரொட்டித் தட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் பக்கத்துப் புராட்டஸ்டண்டுக்காரர்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வேறு ஐயரை நினைத்து யாரும் குழம்ப வேண்டாம்.

மாதத்தின் முதல் ஞாயிறு, நற்கருணை. முதலில் ஆண்கள், பிறகு பெண்கள், வரிசையாகப் போய்க் கிராதிக்கு முன்னால் முழங்கால் போட வேண்டும். உள்ளங்கையில் ஒரு சிறு துண்டு ரொட்டி விழும். பிறகு கிண்ணத்திலிருந்து ஒரு வாய் திராட்சரசம்.

ஆண்கள் எழுந்தார்கள். வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த ஆசீர்வாதம் மட்டும் எழுந்திருக்கவில்லை. பனையேறிப் பதநீர் இறக்குகிறவர். ஐம்பது வயது இருக்கும். தலையைக் குனிந்து, நக இடுக்கில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆறு மாதம் நற்கருணை கிடையாது என்பது சபைக் கமிட்டியின் தீர்ப்பு. ஒரு கலயம் கள் இறக்கினார் என்பது குற்றம்.

என் முறை வந்தது. போனேன், முழங்கால் போட்டேன், ரொட்டியை வாயில் போட்டு விழுங்கினேன். தொண்டையில் சிக்கியது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிக்கவில்லை. எப்போதும்போல இறங்கியது.

அந்த ரொட்டியைச் சுட்டவள் நான். அதைப் பொங்கவைத்தது ஆசீர்வாதம் இறக்கிய கள். இது தெரிந்தவர்கள் அன்று கோயிலுக்குள் மூன்றே பேர்: அவர், அவர் மகள் ரூத்து, நான்.

ரயிலில் வந்த ரொட்டி

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் டின் அடுப்பைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி, அதில் என்ன சுட்டீர்கள், எப்படிச் சுட்டீர்கள் என்று கேட்டுத் தபால் போட்டிருக்கிறார். அவருக்குச் செய்முறை வேண்டுமாம். செய்முறையைச் சொல்லப் போனால் ஆசீர்வாதத்தைச் சொல்லாமல் முடியாது.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அதற்கு முன்பெல்லாம் எங்கள் கோயிலுக்கு நற்கருணை ரொட்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும். அங்கே கொல்லத்துக்காரர் ஒருவர் ரொட்டிக்கடை வைத்திருந்தார். ஐயர் வீடும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். சனிக்கிழமை அவர் சொல்லிவைக்க, ரொட்டியைச் செய்தித்தாளில் சுற்றித் தென்காசி ரயிலின் கார்டு கையில் கொடுத்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கி வருவார்.

என் வீட்டுக்காரரைப் பற்றிப் பழைய அத்தியாயங்களில் நிறையவே புலம்பியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காக: மில்லில் கணக்கர், சபைக் கமிட்டிக்குக் காரியதரிசி, மதுவிலக்குச் சங்கத்துக்கும் காரியதரிசி. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

அந்த நாளில் ரொட்டி என்றால் ஒன்று கோயிலுக்கு, அல்லது காய்ச்சல்காரருக்கு. நல்ல உடம்போடு இருக்கிறவர் ரொட்டி தின்று யாரும் பார்த்ததில்லை. ரொட்டிப் பொட்டலத்தோடு தெருவில் நடந்தால் "யாருக்கு மேலுக்கு முடியல?" என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் நாலைந்து பேருக்காவது "கோயிலுக்கு, கோயிலுக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்.

சண்டை முற்றியதும் மைதா வரத்து நின்றது. கொல்லத்துக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். ஈஸ்டருக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

கமிட்டி கூடியது. ஜெபப் புத்தகத்தில் கோதுமை ரொட்டி என்று இருக்கிறது. தோசையை வைக்க முடியாது. சப்பாத்தி வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். பொங்காத ரொட்டியைக் கத்தோலிக்கர்கள்தான் வைப்பார்கள் என்று ரைட்டர் தானியேல் சொன்னார். போலீஸ் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். அதோடு சப்பாத்திப் பேச்சு முடிந்தது.

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்து, "எங்க வீட்ல ரொட்டி சுடுவாக. பாளையங்கோட்டையில படிச்சவுக" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்.

"நான் எப்பங்க ரொட்டி சுட்டேன்?"

"நோட்டுல எழுதி வச்சிருக்கேல்ல?"

"எழுதித்தான் வச்சிருக்கேன்."

"எழுதினதப் பாத்துச் செய்ய வேண்டியதுதான?"

இப்படி ஒரு மனுஷனிடம் என்ன பேசுவது?

மிஸ்ஸியம்மாவின் குறிப்பு

பாளையங்கோட்டை போர்டிங்கில் வாரம் ஒரு நாள் சமையல் வகுப்பு. வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா செய்வார்; நாங்கள் சுற்றி நின்று எழுதுவோம். மாவைத் தொட விடமாட்டார். எங்கள் விரல் நகங்களின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதனால் ரொட்டி சுடுவதில் எனக்கு இருந்த அனுபவம் முழுவதும் பென்சில் அனுபவம்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். மைதா, சீனி, வெண்ணெய், பால், ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. பிசைந்து, மூடிவைத்து, இரட்டிப்பானதும் நல்ல சூட்டில் ‘அவன்’ என்கிற ரொட்டி அடுப்பில் வைக்கவும் என்று இருந்தது. இதில் ராஜபாளையத்தில் என்னிடம் இருந்தவை பாலும் வெண்ணெயும்தான். வெண்ணெய் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தெருவில் விற்க வரும். அதற்கு ஒரு குறையும் இல்லை.

மாவுக்கு, ரேஷனில் கிடைத்த கோதுமையைக் கல் பொறுக்கி, கழுவி, பாயில் காயவைத்துத் திருகையில் அரைத்தேன். பிறகு என் வீட்டுக்காரரின் பழைய மல் வேட்டியில் மூன்று தரம் சலித்தேன். மூன்றாம் சலிப்பில் விழுந்த மாவு ஏறக்குறைய மைதா மாதிரியே இருந்தது. சீனிக்குப் பதில் கருப்பட்டிப் பாகு. நிறம் கொஞ்சம் கறுக்கும். கறுத்தால் என்ன, நாங்களும் கறுப்புத்தானே என்று விட்டுவிட்டேன்.

‘அவன்’ அடுப்புக்குப் பதில் மண்ணெண்ணெய் டின். ஒரு பக்கத்தை வெட்டிக் கதவாக்கி, படுக்கவைத்து, உள்ளே இரண்டு விரல் கனத்துக்கு ஆற்று மணல் பரப்பினேன். கீழே சிரட்டைக் கரி, மேலேயும் சிரட்டைக் கரி. அச்சுக்குப் பழைய பிஸ்கட் டப்பா. ஒட்டாமலிருக்க வாழைச் சருகை நனைத்துத் துடைத்து, வெண்ணெய் தடவி உள்ளே போட்டேன். சூடு பார்க்கிற விதத்தை மட்டும் மிஸ்ஸியம்மா சொல்லித் தந்திருந்தார். கையை உள்ளே நீட்டிப் பரமண்டல ஜெபத்தை ஆரம்பிக்க வேண்டும். பாதி ஜெபத்தில் கையை இழுக்க வேண்டி வந்தால் சரியான சூடு. முழு ஜெபமும் சொல்ல முடிந்தால் இன்னும் கரி போட வேண்டும்.

ஈஸ்ட்டுக்குத்தான் வழி இல்லை. ஆப்பசோடாவைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் புள்ளி விழுந்து சவுக்காரம் மாதிரி ருசித்தது. புளித்த தோசைமாவை ஊற்றிப் பார்த்தேன். ஓரளவு எழும்பியது, ஆனால் வாயில் வைத்தால் பல் கூசியது. பக்கத்து வீட்டு வெங்கம்மா, தெலுங்கு பேசுகிறவர், என் பேரில் மிகவும் பிரியமானவர், ஒரு துண்டை வாங்கிக் கடித்தார்.

"ஏமம்மா, இத சாமிக்கா வைக்கப் போறீங்க?"

மீதியை அவர் வீட்டு நாய்க்குப் போட்டார். அது முகர்ந்து பார்த்துவிட்டு நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

பதநீரில் பிசைந்த மாவு

அப்போதுதான் ஒரு பழைய சங்கதி நினைவு வந்தது. மிஸ்ஸியம்மாவின் ஈஸ்ட் டப்பா காலியான வாரங்களில், அவருடைய சமையல்காரர் பின்வாசல் வழியாக ஒரு சொம்பு கொண்டுவருவார். மிஸ்ஸியம்மா அந்த நேரம் பார்த்துச் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சொம்பில் இருந்தது என்ன என்று நோட்டில் எழுதச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் எல்லாருக்கும் மூக்கு இருந்தது.

நானோ மதுவிலக்குச் சங்கக் காரியதரிசியின் மனைவி. கள் என்ற சொல்லே எங்கள் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அதனால் ஒரு குறுக்குவழி யோசித்தேன். கள்ளும் பதநீரும் ஒரே மரம், ஒரே பாளை. பதநீர் மரியாதைப்பட்டது. அதை ஊற்றினால் என்ன?

ஆசீர்வாதம்தான் எங்களுக்குத் தினமும் காலையில் பதநீர் கொண்டுவருவார். அவர் ஒரு காலத்தில் கள்ளுக்கடைக்கு இறக்கியவர். சில வருஷங்களுக்கு முன் சபை நடுவில் எழுந்து நின்று, இனிமேல் பதநீர் தவிர வேறு இறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். மதுவிலக்குக் கூட்டங்களில் என் வீட்டுக்காரர் பேசும்போது அவரை எழுப்பி நிறுத்தி, "இதோ ஆசீர்வாதம்!" என்று காட்டுவார். ஆசீர்வாதம் கூச்சத்தோடு கும்பிட்டுவிட்டு உட்காருவார்.

பதநீரை ஊற்றி மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவைத்தேன். காலையில் வைத்தது; மில் சங்கு மத்தியானம் ஊதியது, சாயங்காலம் ஊதியது. மாவு வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. சுட்டேன். கத்தி இறங்கவில்லை.

மறுநாள் ஆசீர்வாதத்திடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, நீங்க தந்த பதனிய ஊத்தித்தான் பெசஞ்சேன். பொழுது சாயுற வரைக்கும் அசையவே இல்ல."

அவர் சிரித்துவிட்டார். "சுண்ணாம்பு போட்ட பதனி எப்படிம்மா பொங்கும்? பொங்கக் கூடாதுன்னுதான கலயத்துல சுண்ணாம்பே தடவுதோம்."

"தடவாட்டி?"

"தடவாட்டி அதுக்குப் பேரு வேற."

பனை ஏறுகிற பூமியில் பிறந்து வளர்ந்தவள் நான். கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்புதான் பதநீரைப் புளிக்காமல் நிறுத்திவைக்கிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். மாவு பிசையும்போது அது புத்தியில் வரவில்லை.

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டேன். "கோயில் ரொட்டிக்குத்தான் அண்ணாச்சி. மாசத்துக்கு ஒரு கலயம். அதுவும் சின்னக் கலயம்."

அவர் சிரிப்பு நின்றது. "நான் சபை முன்னால வாக்குக் குடுத்தவன், டீச்சரம்மா."

"குடிக்கவா கேக்கேன்? அடுப்புக்குள்ள போயிட்டா அதுல என்ன இருக்கு?"

கையிலிருந்த கலயத்தை இறக்கி வைத்தார். "கோயிலுக்குன்னு கேக்கீக. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஐயர் காதுல ஒரு வார்த்த போட்டுருங்க. நாளப்பின்ன யாரும் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வந்தது

சனிக்கிழமை காலையில் சின்னக் கலயம் வந்தது. மூடியிருந்த துணியை நுரை தூக்கிக்கொண்டிருந்தது. ஒரு உழக்கு எடுத்து, மாவில் ஊற்றிப் பிசைந்துவைத்தேன். இரண்டு மணி நேரத்தில் மாவு பாத்திரத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது. விரலால் குத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் வெங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சுட்டு எடுத்தபோது மேலே செம்பழுப்பு, உள்ளே பஞ்சு. கள் வாசனை அடுப்போடு போய்விட்டது. ஈஸ்டர் அன்று ஐயர் பிரசங்கத்தின் முடிவில், "நமது சகோதரி ஒருவரின் கைவேலை" என்று பெயர் சொல்லாமல் புகழ்ந்தார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கழுத்துப் பட்டனைச் சரிசெய்துகொண்டார்.

அன்றைக்கே ஐயரிடம் சொல்லியிருக்கலாம். புகழ்ந்த வாய் மூடுவதற்குள் எப்படிச் சொல்வது என்று விட்டேன்.

இரண்டாவது மாத ரொட்டியும் முடிந்த பிறகு, இனித் தள்ளக் கூடாது என்று ஒரு சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயில் ஏறினேன். ஐயர் வீட்டில் இருந்தார். ஐயரம்மா ஒரு தட்டில் பால்கோவா கொண்டுவந்து வைத்தார். உட்காருவதற்குள் ஐயர் ஆரம்பித்துவிட்டார். சாத்தூர்ப் பக்கத்துச் சபைகளிலும் ரொட்டிக்குக் கஷ்டமாம். என்னைக் கூட்டிப்போய் அங்கே உள்ள பெண்களுக்குச் சொல்லித்தரவைக்க வேண்டுமாம்.

"சீம ரொட்டி தோத்துப் போகும்மா, உங்க ரொட்டிக்கு முன்னால" என்றார்.

ஐயரம்மா, "எதப் போட்டுப் பொங்கவைக்கீக?" என்று கேட்டார். நேரான கேள்வி. அதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் கிடைத்திருக்காது.

"அது ஒரு கைப்பக்குவம்மா" என்றேன்.

ரயிலில் திரும்பி வரும்போது மடியில் பால்கோவாப் பொட்டலம் இருந்தது. என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. பால்கோவாவை மட்டும் வீட்டுக்கு வந்ததும் தின்றுவிட்டேன்.

ரைட்டர் குடித்த பட்டை

மூன்றாவது மாதம் அது வெளியே வந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் ரைட்டர் தானியேல் உலாவப் போனவர், பனங்காட்டில் ஆசீர்வாதத்தின் கலயங்கள் இறக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். ஆசீர்வாதம் மரத்தின் மேல். தாகமாக இருக்கவே, ஓரமாகத் தனியாக இருந்த சின்னக் கலயத்திலிருந்து பனையோலையைக் குவித்துக் கட்டிய பட்டையில் ஊற்றிக் குடித்தாராம். ஒரு பட்டை முழுவதும் குடித்து முடித்த பிறகுதான் அது கள் என்று அவருக்குத் தெரிந்ததாம். தெரிந்துகொள்ள ஒரு முழுப் பட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கமிட்டி எங்கள் வீட்டு முன்னறையில் கூடியது. நான் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். மாலை நேரம் என்பதால் கூடவே ரொட்டித் துண்டும் வெண்ணெயும் வைத்தேன். நாலு பேரும் சாப்பிட்டார்கள். ரைட்டர் இன்னொரு துண்டு கேட்டார். அவர் கையில் இருந்த ரொட்டிக்கும் அவர் புகார் கொடுத்த கலயத்துக்கும் உள்ள உறவு அடுப்படியில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆசீர்வாதம் கதவோரம் நின்றார். ஐயர் கேட்டார்.

"அது கள்ளுதானா?"

"ஆமாங்கய்யா."

"நீரு குடிக்கவா?"

"இல்லங்கய்யா."

"பின்ன யாருக்கு?"

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பவில்லை. நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் காப்பித் தட்டோடு நின்றேன். மூன்று எட்டு வைத்தால் முன்னறை.

"அதச் சொல்ல வேண்டியவுக சொல்லுவாகய்யா" என்றார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். தட்டைக் கீழே வைத்தேன். வெளியே போகவில்லை.

ஆறு மாதம் நற்கருணை நிறுத்தம் என்று முடிவானது. அதோடு இன்னொன்றும் சேர்த்தார்கள். ரூத்துக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று. தகப்பனார் சபை ஒழுங்குக்குள் வரும்வரை அந்த ஓலை வாசிக்கப்பட மாட்டாது. மாப்பிள்ளை வீட்டார் சங்கரன்கோவில் பக்கம். ஓலை நின்ற வீட்டில் பெண் எடுக்க எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் அழகான கையெழுத்தில் மினிட் புத்தகத்தில் எழுதினார்.

ஆனி மாத நற்கருணைக்கு முந்தின நாள், ஆசீர்வாதம் வரவில்லை. ரூத்து வந்தாள். இடுப்பில் சின்னக் கலயம். துணிக்கு மேலே நுரை.

"நாளைக்குக் கோயில் ரொட்டி இல்லாமப் போயிரக் கூடாதுன்னு அப்பா சொன்னாக."

வாங்கி வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கள்ளில் பொங்கிய ரொட்டியைத்தான் மறுநாள் ஆசீர்வாதத்தைத் தவிர எல்லாரும் சாப்பிட்டோம். மேலே முதலில் எழுதியது அந்த ஞாயிற்றைத்தான்.

கத்தி இறங்காத ரொட்டி

ஆடி மாத நற்கருணைக்கும் ரூத்து கலயத்தோடு வந்தாள். போன தடவையைவிட இளைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள் என்று வெங்கம்மா மூலமாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

அவள் போனதும் கள்ளைத் தென்னை மரத்து மூட்டில் ஊற்றினேன். கருப்பட்டிக்காக வாங்கி வைத்திருந்த சுண்ணாம்புப் பதநீரை எடுத்து மாவு பிசைந்தேன். எவ்வளவு நேரம் வைத்தாலும் பொங்காது என்று தெரியும். ஆனாலும் குறிப்பில் உள்ளபடி வைத்தேன். வாழைச் சருகு, சிரட்டைக் கரி, ஜெபம் எல்லாம் முறைப்படி. ரொட்டி செங்கல்லாக வந்தது. அதைத் துணியில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

ஆராதனைக்கு முன் பக்கத்து அறையில் ஐயர் ரொட்டியைத் துண்டு போடுவார். என் வீட்டுக்காரரும் ரைட்டரும் கூட இருந்தார்கள். ஐயர் கத்தியை வைத்து அழுத்தினார். வழுக்கியது. திருப்பிவைத்து அழுத்தினார்.

"என்னம்மா இது?"

"கோயில் ரொட்டி, ஐயா. சுண்ணாம்புப் பதனியில பெசஞ்சது."

"போன மாசம் பூ மாதிரி இருந்துச்சே?"

"போன மாசம் கள்ளு ஊத்தினது. ஆசீர்வாதம் அண்ணாச்சி எறக்கின கள்ளு. ஈஸ்டர்ல இருந்து எல்லா மாசமும் அதுதான். கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவாதீகன்னு நான்தான் கேட்டேன். ஐயரு கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்னும் சொன்னேன். சொல்லல."

எழுதி மனப்பாடம் செய்ததுபோல ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். உண்மையில் மனப்பாடம்தான் செய்திருந்தேன்.

ரைட்டர் மெல்ல, "அப்ப அன்னைக்குக் கமிட்டியில நாங்க தின்னது?" என்றார்.

"அதுவும்தான், ரைட்டரய்யா."

ஐயர் கத்தியைக் கீழே வைத்தார். "தானியேலு, சபை பூராவும் நாலு மாசமா கள்ளு ரொட்டி தின்னிருக்கு. எல்லாரையும் நிறுத்திப்பிடுவமா? என்னையும் சேத்து?"

ரைட்டரிடம் அதற்கு ஒரு வாக்கியம் இல்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார். உங்களிடம் சொல்லத்தானே பயம் என்று நினைத்தேன். கோயிலில் வைத்துச் சொல்லவில்லை.

பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆசீர்வாதத்தின் நிறுத்தம் ரத்து. ஓலை அன்றைக்கே வாசிக்கப்படும். ரைட்டர்தான் கடைசியில், "டீச்சரம்மா பாவம், கோயில் காரியத்துக்காகத்தான செஞ்சாக" என்றார். ஆசீர்வாதமும் கோயில் காரியத்துக்காகத்தான் செய்தார். அதை அங்கே யாரும் சொல்லவில்லை. மினிட் புத்தகத்தில், "கலயம் குறித்து விளக்கம் பெறப்பட்டது" என்று ஒரு வரி. என் பெயர் இல்லை. ஆசீர்வாதம் நிறுத்தப்பட்ட அன்று அவர் பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுதியிருந்தது.

ரொட்டியை ஐயர் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்த்துத் தட்டில் வைத்தார். அன்றைக்குச் சபையார் மென்று முடிக்க இரண்டு பாட்டு ஆயிற்று. ஆண்கள் வரிசையில் ஆசீர்வாதம் கடைசியாக வந்து முழங்கால் போட்டார். ஐயர் அவர் கையில் கொஞ்சம் பெரிய துண்டாகவே வைத்தார்.

கோவில்பட்டி வாசகிக்கு: பிறகு நான் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, மூன்று நாள் மூடிவைத்து, அந்தத் தண்ணீரில் மாவைப் பொங்கவைக்கக் கற்றுக்கொண்டேன். அதுவும் நுரைக்கும், அதற்கும் மணம் உண்டு. ஆனால் திராட்சை கடையில் பொட்டலமாக வருகிற சரக்கு. மரம் ஏறி யாரும் இறக்குவதில்லை. அதனால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. மாவு முக்கால் படிக்கு அந்தத் தண்ணீர் ஒரு உழக்கு போதும்.

அன்று ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் வாசலில் நின்றார். ரூத்தைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். நான் அவரிடம் போனேன்.

"மன்னிச்சிருங்க, அண்ணாச்சி."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதெல்லாம் விடுங்கம்மா. ஓலை வாசிச்சாச்சு. எம்மவ கலியாணம் நடந்திரும்."

நான் நகரவில்லை. அவர் ஓரடி கிட்டே வந்தார்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீக. நான் ஏறுற மரம் நீங்க பள்ளிக்கூடம் போற ரோட்டு மேலதான் நிக்கி. காலையில போவீக, சாயந்தரம் வருவீக. ரெண்டு மாசமா மேல இருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இன்னைக்கு நின்னு ஒரு வார்த்த சொல்லுவாக, நாளைக்குச் சொல்லுவாகன்னு. ஒரு நாளு கூட நீங்க தலைய நிமித்தல."

கோபமாகச் சொல்லவில்லை. மரத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொன்னார், அவ்வளவுதான்.

கவனிக்கவில்லை அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த ரோட்டில் அவர் மரம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது வருவதற்குப் பத்தடி முன்னாலேயே குனிந்துகொள்வேன்.